ஏற்பியும் எழுத்தும்: கொலஸ்ட்ராலை அகற்றும் ஒரு புரதத்தைப் பற்றி

“அவருக்குக் கொழுப்பு அதிகம்” என்னும் தொடர் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று மருத்துவர் கூறும் பொருள். மற்றொன்று அண்டை வீட்டார் கூறும் பொருள். இரத்தத்தில் ஒரு பொருள் மிகுந்திருக்கிறது என்பது முதலாவது. பணிவு குறைந்திருக்கிறது என்பது இரண்டாவது. இதனைச் சிலேடை என்று சுவைத்துவிட்டு நாம் கடந்துவிடலாம். ஆயினும் புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகத்திலிருந்து இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் ஏந்தி வெளியே வரும் ஒருவருக்கு அது சிலேடையாகத் தோன்றுவதில்லை. கொழுப்பு மிகுதி என்று கேட்டவுடன், தாம் உண்ட புரோட்டாவும் ஆட்டிறைச்சியும் முறுக்குமே அவர் நினைவுக்கு வருகின்றன. தம் நாவின் குற்றம் என்று அவர் நாணுகிறார். வீட்டாரும் அவ்வாறே கருதிக் கடிந்துகொள்கின்றனர். அவர் மெலிந்த உடலினராகவும் நாள்தோறும் நடப்பவராகவும் இருந்தால், “எனக்கு எப்படி வரும்?” என்று ஐயுற்று, அம்முடிவையே மடித்து வைத்துவிடுவதும் உண்டு.

இவ்விரு எண்ணங்களும் ஒரே பிழையிலிருந்து பிறக்கின்றன. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுவதற்கு, உள்ளே வருவது மிகுவது மட்டுமே காரணம் என்று நாம் கருதிவிடுகிறோம். ஒரு தொட்டியில் நீர் நிரம்பி வழிவது குழாயைத் திறந்துவிட்டதனாலும் நிகழும். வடிகால் அடைபட்டதனாலும் நிகழும். உடலில் அவ்வடிகாலின் வேலையைச் செய்வது ஒரு புரதம். அதன் பெயர் எல்.டி.எல். ஏற்பி. அது எவ்வாறு கண்டறியப்பட்டது, ஆய்வுக்கூடத்தில் மறுசேர்க்கை முறையால் எவ்வாறு ஆக்கப்படுகிறது, அவ்வாறு ஆக்கப்பட்ட புரதம் நம் குடும்பங்களுக்கு எவ்வகையில் பொருள்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கொலஸ்ட்ரால் பகையன்று

கொலஸ்ட்ரால் நஞ்சன்று. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தன் மேலுறையை அமைத்துக்கொள்ள அதனைப் பயன்படுத்துகிறது. பித்த அமிலங்களும் பாலின இயக்குநீர்களும் வைட்டமின் டியும் கொலஸ்ட்ராலை அடிப்படையாகக் கொண்டே உருவாகின்றன. நாம் உண்ணாவிடினும் உடல் தானே அதனை ஆக்கிக்கொள்ளும். கல்லீரல் அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

நீரில் கரையாத இப்பொருள், நீர்த்தன்மை மிகுந்த இரத்தத்தின் வழியே செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கென உடல் நுண்ணிய துகள்களை ஆக்குகிறது. அவற்றுள் ஒன்றே எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம். அதன் விட்டம் ஏறத்தாழ 22 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் அத்தகைய துகள்கள் நாற்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடங்கும். ஒவ்வொரு துகளின் உள்ளேயும் கொழுப்பமிலத்தோடு பிணைந்த கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் ஏறத்தாழ 1,500 உள்ளன. துகளைச் சுற்றிலும் அபோ பி-100 என்னும் ஒரே ஒரு பெரும்புரதம் கச்சை போல் படர்ந்திருக்கும். உயிரணுக்கள் அத்துகளை இன்னதென்று அறிந்துகொள்வது இக்கச்சையைக் கொண்டுதான்.

எனவே ‘கெட்ட கொழுப்பு’ என்று பழிக்கப்படும் எல்.டி.எல்., உண்மையில் ஒரு சரக்கு வண்டி. அது உரிய இடத்தில் சரக்கை இறக்காமல் இரத்தத்தில் நெடுங்காலம் அலையும்போதுதான், இரத்தக் குழாய்ச் சுவரினுள் புகுந்து படிந்து தீங்கு விளைவிக்கிறது.

ஏற்பி கண்டறியப்பட்ட வரலாறு

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் மருத்துவப் பள்ளியில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவர்கள் ஓர் அரிய நோயை ஆராய்ந்தனர். குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் என்று நாம் அதனை அழைக்கலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்கு இளமையிலேயே மாரடைப்பு வந்தது. அவர்களுடைய தோலிலும் தசைநாண்களிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றின.

அவர்கள் செய்த சோதனை எளியது; மாணவர் எவரும் அதன் ஏரணத்தைப் பின்தொடரலாம். தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தனர். நலமுள்ளோரின் உயிரணுக்களுக்கு எல்.டி.எல். கொடுத்தபோது, வெளியிலிருந்து போதிய கொலஸ்ட்ரால் வருவதை உணர்ந்து அவை தம் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. நோயுற்றோரின் உயிரணுக்களோ குறைத்துக்கொள்ளவில்லை. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் பொறியே பழுதோ என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்க, எல்.டி.எல். துகளாக அல்லாமல், சாராயத்தில் கரைத்த கொலஸ்ட்ராலை அதே உயிரணுக்களுக்குக் கொடுத்தனர். இம்முறை நோயுற்றோரின் உயிரணுக்களும் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. ஆகவே பொறி பழுதன்று, எல்.டி.எல். உள்ளே நுழையும் வாயிலே பழுது என்பது புலனாயிற்று. 1974ஆம் ஆண்டில், கதிரியக்க அயோடினால் அடையாளமிட்ட எல்.டி.எல். துகள்களைக் கொண்டு அவ்வாயில் இருப்பதை நேரடியாகவே காட்டினர். அதுவே எல்.டி.எல். ஏற்பி. இப்பணிக்காக 1985ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

அதே காலத்தில் சப்பானிலும் ஒரு சான்று கிடைத்தது. 1973ஆம் ஆண்டில் கோபே பல்கலைக்கழகத்தின் யோஷியோ வத்தனாபே, இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த முயல் ஒன்றைக் கண்டார். முயல் தழை உண்ணும் உயிர். அதன் தீனியில் கொலஸ்ட்ரால் இல்லை எனலாம். அம்முயலின் வழித்தோன்றல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் எல்.டி.எல். ஏற்பி பிறவியிலேயே பழுதுற்றிருந்தது தெரியவந்தது. உணவில் குற்றம் காண்போர் அந்த முயலை நினைவிற்கொள்வது நலம்.

இவ்வாயில்கள் மிகுதியாக உள்ள இடம் கல்லீரல். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், இந்நோயின் கடும் வடிவத்தால் துன்புற்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதயமும் கல்லீரலும் ஒருசேர மாற்றிப் பொருத்தப்பட்டன. புதிய கல்லீரலோடு நல்ல ஏற்பிகளும் வந்தன. அவளுடைய இரத்தக் கொலஸ்ட்ரால் பெருமளவு குறைந்தது. அதே ஆண்டில்தான் இவ்வேற்பிக்குரிய மரபுச் செய்தி முழுமையாகப் படித்தறியப்பட்டது. அம்மரபணு நம் 19ஆவது குரோமோசோமில் உள்ளது.

ஏற்பியின் அமைப்பும் பயணமும்

எல்.டி.எல். ஏற்பி 860 அமினோ அமிலங்களின் சங்கிலியாகத் தொடங்குகிறது. அவற்றுள் முதல் 21, ‘இப்புரதத்தை உயிரணுவின் மேற்பரப்புக்கு அனுப்புக’ என்னும் முகவரி போன்றவை. வழியிலேயே அவை வெட்டப்பட்டு, 839 அமினோ அமிலங்கள் கொண்ட முதிர்ந்த புரதம் எஞ்சுகிறது. அதன் பெரும்பகுதி உயிரணுவுக்கு வெளியே நீண்டிருக்கும். 22 அமினோ அமிலங்கள் மேலுறையினுள் ஊன்றியிருக்கும். 50 அமினோ அமிலங்கள் வாலாக உள்ளே தொங்கும்.

வெளிப்பகுதியின் நுனியில், ஏறத்தாழ 40 அமினோ அமிலங்கள் கொண்ட கண்ணிகள் ஏழு அடுத்தடுத்து அமைந்துள்ளன. எல்.டி.எல். துகளைப் பற்றும் கை அதுவே. ஒவ்வொரு கண்ணியிலும் ஆறு சிஸ்டீன்கள் உண்டு. அவை இரண்டிரண்டாக இணைந்து மூன்று கந்தகப் பாலங்களை அமைக்கின்றன. ஏழு கண்ணிகளுக்கும் சேர்த்து இருபத்தொரு பாலங்கள். ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் ஒரு கால்சியம் அயனி முளை அடித்தாற்போல் நின்று அதன் வடிவத்தைக் காக்கிறது. கால்சியத்தை நீக்கிவிட்டால் கண்ணி குலையும். துகளைப் பற்றும் ஆற்றலும் போய்விடும்.

ஏற்பியின் பயணத்தை விளக்க நம் வட்டாரத்திலேயே ஓர் உவமை இருக்கிறது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் ஓடத் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில், சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். அதன் பெட்டிகள் நிலையத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு, குடியிருப்புகளைச் சுற்றி ஆங்காங்கே இறக்கிவிட்டு, மீண்டும் அதே நிலையத்திற்குத் திரும்புகின்றன. ஏற்பியும் அத்தகையதே. உயிரணுவின் மேற்பரப்பில் எல்.டி.எல். துகளைப் பற்றிக்கொண்டு உள்ளே செல்கிறது. உள்ளறையில் அமிலத்தன்மை மிகுந்தவுடன் அதன் வடிவம் மடங்குகிறது, பிடி தளர்கிறது, துகள் கழன்றுவிடுகிறது. துகள் செரிக்கப்பட்டு உள்ளிருந்த கொலஸ்ட்ரால் உயிரணுவுக்குப் பயன்படுகிறது. வெறுங்கையுடன் ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடம். ஓர் ஏற்பியின் ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம். அதற்குள் அது நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் ஏற்பி

இத்தகைய புரதத்தை ஆராய வேண்டுமாயின் அது தூய நிலையில் போதிய அளவு கிடைக்க வேண்டும். கல்லீரல் திசுவிலிருந்து பிரித்தெடுப்பது அரும்பாடு, கிடைப்பதும் சிறிது. இங்குதான் மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் துணைபுரிகிறது. ஓர் உயிரின் மரபுச் செய்தியை எடுத்து, வேறோர் உயிரணுவில் செயல்படக்கூடிய டி.என்.ஏ. வளையத்தோடு இணைத்து, அவ்வுயிரணுவையே அப்புரதத்தை ஆக்கும் தொழிற்கூடமாக மாற்றுவது இதன் சாரம். 1978ஆம் ஆண்டில் மனித இன்சுலின் இம்முறையில் பாக்டீரியாவில் ஆக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இன்சுலின் சிறிய புரதம். எல்.டி.எல். ஏற்பியோ பெரியது, அதன் கந்தகப் பாலங்கள் ஒவ்வொன்றும் சரியான இணையோடு சேர வேண்டும், சர்க்கரைக் கிளைகளும் அதன்மீது ஒட்ட வேண்டும். பாக்டீரியாவின் உட்சூழல் இதற்கு ஏற்றதன்று. தனித்தனிக் கண்ணிகளைப் பாக்டீரியாவில் ஆக்கி, பின்னர்க் கால்சியத்தின் துணையோடு சரியாக மடியச் செய்து ஆராய்ந்ததுண்டு. ஐந்தாம் கண்ணியின் நுண்வடிவம் 1997ஆம் ஆண்டில் அவ்வாறே வெளிவந்தது. ஆனால் வெளிப்பகுதி முழுவதும் வேண்டுமாயின் பாலூட்டிகளின் உயிரணுக்களையோ பூச்சிகளின் உயிரணுக்களையோ நாடுவது வழக்கம். மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட உயிரணு வகையும் சுண்டெலியின் உயிரணு வகை ஒன்றும் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

செய்முறையைப் படிப்படியாகக் காண்போம். முதலில், மரபணு முழுவதையும் எடுப்பதில்லை. அது ஏறத்தாழ 45,000 எழுத்துகள் நீண்டது. பொருளுள்ள 18 பகுதிகள் இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. அப்பகுதிகளை மட்டும் கோத்த, ஏறத்தாழ 2,600 எழுத்துகள் கொண்ட படியே போதும். இரண்டாவதாக, அப்படியிலும் மேலுறையில் ஊன்றும் பகுதியையும் வாலையும் நீக்கிவிடுகின்றனர். அவை இருந்தால் புரதம் நீரில் கரையாது. முகவரிப் பகுதியை எண்ணிக்கையில் சேர்த்துக் கணக்கிட்டால், 22ஆவது அமினோ அமிலம் முதல் 788ஆவது வரையிலான வெளிப்பகுதி கிடைக்கிறது. மூன்றாவதாக, இறுதியில் ஆறு ஹிஸ்டிடின்களை வாலாக ஒட்டுகின்றனர். ஹிஸ்டிடினுக்கு நிக்கல் உலோகத்தின்பால் ஈர்ப்பு உண்டு. பின்னர்ப் பிரித்தெடுக்க அது கைப்பிடியாக உதவும்.

இவ்வாறு திருத்திய மரபுச் செய்தியை ஏற்ற உயிரணுக்கள், வெட்டப்பட்ட ஏற்பியை ஆக்கித் தம்மைச் சூழ்ந்த வளர்ப்புநீரில் வெளிவிடுகின்றன. அந்நீரை நிக்கல் ஏற்றிய மணிகள் நிறைந்த குழலில் ஊற்றினால் ஏற்பி ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்தோடிவிடும். பின்னர் ஏற்பியைக் கழற்றி எடுத்து, தூய்மையைச் சோதித்து, உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கின்றனர். ஒரு குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்ற குறிப்பு அதன்மேல் இருக்கும். அது மருந்தன்று, உடலில் செலுத்துவதற்குரியதும் அன்று.

தூய்மை மட்டும் போதாது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அளவில் சரியாக இருந்தும் வடிவில் குலைந்த புரதம் ஆய்வாளரை ஏமாற்றிவிடும். ஆகவே, அது உண்மையிலேயே தன் இணையைப் பற்றுகிறதா என்று சோதிப்பர். கால்சியம் உள்ளபோது பற்ற வேண்டும். கால்சியத்தை நீக்கும் பொருளைச் சேர்த்தபோது பற்றாமல் விட வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால்தான் குப்பியில் உள்ளது ஏற்பி எனத்தகும்.

குப்பியில் உள்ள புரதத்தால் விளையும் பயன்

2003ஆம் ஆண்டில் பிரான்சில் சில குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டனர். அக்குடும்பத்தினருக்குக் கொலஸ்ட்ரால் மிகுதி, ஆயினும் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவில் பழுதில்லை. பழுது, பி.சி.எஸ்.கே. 9 என்னும் மற்றொரு புரதத்தின் மரபணுவில் இருந்தது. அப்புரதம் ஏற்பியின் வெளிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு, ஏற்பி மேற்பரப்புக்குத் திரும்ப விடாமல் அழிவறைக்கு இழுத்துச் செல்வது பின்னர்த் தெரியவந்தது. நம் உவமையில் சொன்னால், மீண்டும் ஓட வேண்டிய பெட்டியைச் சேவையிலிருந்தே நீக்கிவிடுவது அதன் வேலை. அது அளவுக்கு மீறி ஊக்கங்கொண்டால் ஏற்பிகள் குறையும், கொலஸ்ட்ரால் தேங்கும்.

இதன் மறுபக்கத்தை டாலஸ் ஆய்வாளர்கள் கண்டனர். பி.சி.எஸ்.கே. 9 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றத்துடன் பிறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். அளவு சராசரியாக 28 விழுக்காடு குறைந்திருந்தது. இதய நாள நோய்க்கான வாய்ப்போ 88 விழுக்காடு குறைந்திருந்தது. இம்முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியானது. பிறப்பிலிருந்தே எல்.டி.எல். குறைந்திருப்பதன் பயன் எத்துணைப் பெரிது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

அப்படியானால் பி.சி.எஸ்.கே. 9 ஏற்பியில் ஒட்டாமல் தடுக்கும் மருந்தை ஆக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. அங்கேதான் மறுசேர்க்கை ஏற்பி நேரடியாகப் பயன்படுகிறது. சிறு குழிகள் கொண்ட தட்டில் ஏற்பியைப் படியவிட்டு, அதன்மேல் பி.சி.எஸ்.கே. 9ஐச் சேர்த்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பர். பின்னர், ஆராயும் மருந்தையும் சேர்த்து, ஒட்டுவது எவ்வளவு குறைகிறது என்று அளப்பர். மனிதருக்குக் கொடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தகுதியற்றவற்றை இவ்வாறு கழித்துவிட முடிகிறது. இவ்வழியில் அமைந்த எவோலோகுமாப், அலிரோகுமாப் என்னும் இரு எதிர்ப்பொருள் மருந்துகள் 2015ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றன.

ஏற்பியின் வடிவத்தை அறியவும் தூய புரதமே தேவை. 2002ஆம் ஆண்டில் அதன் வெளிப்பகுதி படிகமாக்கப்பட்டு, அமிலச் சூழலில் அது எவ்வாறு மடங்கித் துகளை விடுகிறது என்பது தெளிவாயிற்று. சளியை உண்டாக்கும் ரைனோ கிருமிகளுள் ஒரு சிறு பிரிவு இதே ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் உயிரணுவினுள் நுழைகிறது என்பதும் ஆய்வில் வெளிப்பட்ட செய்தி.

போலியா, பிழையா

இனி நாம் எழுத்துக்கு வருவோம். பந்தல் என்பதைப் பந்தர் என்றும், நிலம் என்பதை நிலன் என்றும் எழுதினால் பொருள் மாறுவதில்லை. இலக்கணத்தில் இதனைப் போலி என்கிறோம். ஆனால் அறம் என்பதை அரம் என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். மாறுவது இரண்டிலும் ஓர் எழுத்துத்தான். மாற்றம் நிகழ்ந்தது என்பதனாலேயே பிழை நிகழ்ந்தது என்று கூறிவிட முடியாது.

மரபணுவிலும் இதே நிலைதான். அங்கு எழுத்துகள் நான்கு: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகி ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். சான்றாக, முதல் இரண்டு எழுத்துகளும் சைட்டோசினாக இருந்தால், மூன்றாம் எழுத்து நான்கனுள் எதுவாயினும் அச்சொல் புரோலீனையே குறிக்கும். மூன்றாம் எழுத்தில் நேரும் மாற்றம் போலி. இரண்டாம் எழுத்து தைமினாக மாறினாலோ புரோலீன் இருக்க வேண்டிய இடத்தில் லியூசீன் வந்து அமரும்.

எல்.டி.எல். ஏற்பியில் இத்தகைய மாற்றம் ஒன்று முதிர்ந்த புரதத்தின் 664ஆவது இடத்தில் நேர்வதுண்டு. முகவரிப் பகுதியின் 21ஐயும் சேர்த்து எண்ணுவோர் அதனை 685ஆவது இடம் என்பர். குஜராத்தின் பெயரைத் தாங்கி வழங்கும் இம்மாற்றத்தை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1989ஆம் ஆண்டில் விவரித்தனர். ஏற்பி துகளைப் பற்றும் திறனும், உயிரணுவினுள் அது இடம்பெயரும் திறனும் இதனால் பாதிக்கப்படுவதை அவர்கள் காட்டினர். 1992ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் இந்திய வம்சாவளியினரிடமும் இம்மாற்றம் இருப்பது பதிவாயிற்று. கடல் கடந்து சென்ற குடும்பங்களோடு மொழி சென்றது போலவே, ஓர் எழுத்துப் பிழையும் சென்றிருக்கிறது.

இது இங்கே சிங்கப்பூரில் வாழும் நமக்கும் உரிய செய்தி. குடும்பவழி உயர்கொலஸ்ட்ரால் உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. சிகிச்சை பெறாத ஆண்களுள் பாதிப்பேர் 50 வயதுக்குள் இதய நாள நோய்க்கு ஆளாகின்றனர். இந்நிலையை முன்கூட்டியே கண்டறியும் பொருட்டு, சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடளாவிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்.டி.எல். அளவு லிட்டருக்கு 5.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் உள்ளோர் மருத்துவரின் பரிந்துரையோடு இப்பரிசோதனைக்குச் செல்லலாம். தமிழகத்திலுள்ள உறவினர் பழகிய அளவையில் சொன்னால் அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 213 மில்லிகிராம். ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரையும் பரிசோதிப்பது இத்திட்டத்தின் முதன்மையான பயன்.

பரிசோதனையின் முடிவு சில வேளைகளில் ‘மாற்றம் உண்டு, அதன் பொருள் தெளிவாகவில்லை’ என்று வருவதுண்டு. மரபணுத் தரவுகள் நெடுங்காலமாக ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்தே பெரிதும் திரட்டப்பட்டமையால், ஆசியக் குடும்பங்களுக்கு இத்தகைய விடை கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். போலியா பிழையா என்று அறியாத நிலை அது. இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று மறுசேர்க்கை முறையே. இயற்கையான ஏற்பி இல்லாத சீன வெள்ளெலி உயிரணுக்களை எடுத்துக்கொண்டு, ஒரு கலத்தில் மாற்றமில்லாத ஏற்பியின் செய்தியையும், மற்றொரு கலத்தில் அந்த ஓர் எழுத்து மாறிய செய்தியையும் புகுத்துவர். இங்கு ஏற்பி குப்பியில் இருப்பதுபோல் வெட்டப்பட்டதாக அன்றி, வாலோடு முழுமையாகவே ஆக்கப்படும். அது மேற்பரப்பை அடைகிறதா, உள்ளே சென்று திரும்புகிறதா என்பவற்றையும் காண வேண்டுமல்லவா? ஒளிரும் சாயம் ஏற்றிய எல்.டி.எல். துகள்களை இரு கலங்களிலும் இட்டு, எவ்வளவு உள்ளே சென்றது என்று ஒப்பிடுவர். இரண்டும் ஒத்திருந்தால் அம்மாற்றம் போலி எனக் கருத இடமுண்டு. இரண்டாவது கலம் இருண்டிருந்தால் அது பிழை. அதன்பின் அக்குடும்பத்தின் ஏனையோரையும் நம்பிக்கையோடு பரிசோதிக்கலாம்.

பிழை என்று தெரிந்தால் அச்சம் வேண்டா. சப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1973ஆம் ஆண்டில் ஒரு பூஞ்சையிலிருந்து கண்டெடுத்த பொருளின் வழியில் வந்தவை ஸ்டேட்டின் மருந்துகள். அவ்வகையில் லோவாஸ்டேட்டின் 1987ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்டேட்டின், உயிரணு தானே ஆக்கிக்கொள்ளும் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. குறைவை ஈடுசெய்ய உயிரணு மேலும் ஏற்பிகளை ஆக்கி மேற்பரப்பில் நிறுத்துகிறது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவருக்கு, மற்றவர் தந்த நல்ல மரபணு எஞ்சியிருக்கிறது. மருந்து அதனை ஊக்கப்படுத்துகிறது. எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை.

சொல்லும் பொறுப்பும்

‘ஏற்பி’ என்னும் கலைச்சொல் ஏல் என்னும் வினையடியிலிருந்து வந்தது. வருவதை ஏற்றுக்கொள்வது ஏற்பி. இச்சொல்லை அறிந்த மாணவர், கொலஸ்ட்ரால் மிகுதி என்று கேட்டவுடன், ‘மிகுதியாக உண்டாரோ?’ என்று மட்டும் வினவமாட்டார். ‘ஏற்பி நன்றாக ஏற்கிறதோ?’ என்றும் வினவுவார். ‘கொழுப்பு’ என்னும் சொல் நம்மைக் குற்றவாளியைத் தேடச் செய்கிறது. ‘ஏற்பி’ என்னும் சொல் காரணத்தைத் தேடச் செய்கிறது. தமிழாசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: உணவைப் பற்றிய பாடத்தில் கொழுப்பு என்றும், இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசும்போது கொலஸ்ட்ரால் என்றும் வேறுபடுத்திச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைப்பது எல்லோருக்கும் நல்லதே. ஆனால் பிறவியில் ஏற்பி பழுதுற்றவருக்கு அது மட்டும் போதாது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. புக்கிட் பாஞ்சாங்கில் பெருவிரைவு ரயிலேறி, தாவரவியல் பூங்கா நிலையத்தில் ஒருமுறை வண்டி மாறினால், 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தை அடைந்துவிடலாம். மரபணுவின் எழுத்துகளைப் படிப்பதும் அவற்றின் பொருளைச் சோதிப்பதும் தொலைநாட்டார் மட்டும் செய்யும் பணியல்ல. போலியையும் பிழையையும் பிரித்தறியக் கற்ற மனம் அப்பணிக்கும் ஏற்றதே.

அதற்கு முன், வீட்டில் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. தாத்தாவோ பெரியப்பாவோ மாமாவோ இளவயதில் நெஞ்சுவலியால் இறந்திருந்தால், “அப்போது அவருக்கு என்ன வயது?” என்று பாட்டியிடம் கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்களில் அவ்விடை எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. நினைவில் மட்டுமே இருக்கிறது. அதனைக் குறித்துக்கொண்டு அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது சொல்லுங்கள்.